பெட்டியில லாரி இல்ல

பெரம்பலூர்
10.12.2025

அன்பு மகள் மஞ்சுவுக்கு அப்பா மாயவன் எழுதிக்கிறது. இங்க உங்கம்மா அம்சவள்ளி முழு நலம், முட்டிவலி மாடிப்படியப் பாத்தா மட்டும் வருது, எதுத்த வூட்டு வளைகாப்புக்குக் கூப்புட்டா காணாமப் போயிடுது. நான் பாதி நலம். மீதி பாதி என்னாச்சுன்னு கீழ எழுதிருக்கேன், ஓடிப்போயி கடைசிப் பக்கத்தப் பாக்காத, வரிசையா வா. அங்க உன் நலத்த நீ வாயால சொன்னா இனிமே நான் நம்பறதா இல்ல, டாக்டரு சீட்டோட சொல்லணும். அதுக்குத்தான் ஆறாங்கிளாசோட நின்ன இந்தக் கை பேனா புடிச்சிருக்கு. போன்ல சொன்னா நீ சிரிச்சே என்னைய மடக்கிடுவ, உங்கம்மா வேற ஸ்பீக்கர்ல போடுன்னு பக்கத்துலயே உக்காந்துருப்பா.

லீவுக்கு வந்துருக்குற உன் ஆபீஸ்காரன் குன்னத்து ஜெயசீலன் சனிக்கிழமை திருச்சியில பிளேன் ஏறுறான், பெட்டிய அவன்கிட்டத்தான் குடுத்து வுடுறோம். நீ மொதல்ல என்ன பண்ணிருப்பன்னு எனக்குத் தெரியும். உங்கம்மா அரைச்ச பருப்புப்பொடி, இட்லிப்பொடி, அதிரசம், சின்ன வெங்காய வத்தல் எல்லாத்தையும் தூக்கி ஓரமா வச்சுட்டு, லாரி எங்க லாரி எங்கன்னு பெட்டிய தலைகீழா கவுத்துருப்ப. பெட்டியில லாரி இல்ல பாப்பா. ஜெயசீலன திட்டாத, அவன் பாவம், கையில குடுங்கய்யா பத்திரமா கொண்டுபோறேன்னுதான் சொன்னான். நாந்தான் குடுக்கல. லாரி என்கிட்ட பணயமா இருக்கு. ஜனவரி கடைசியில அங்க பொம்மைக்காரங்க எல்லாம் கூடுற கண்காட்சிக்கு அது வேணும்னா நான் கேக்குறத நீ செய்யணும். பெத்த மககிட்ட மெரட்டி வாங்குறான் கெழவன்னு ஊரு பேசட்டும்.

மொதல்ல லாரி கதைய சொல்லிடுறேன். ஆகஸ்ட்ல லீவுக்கு வந்தப்ப நீ செஞ்சு வச்சுட்டுப் போன குட்டி டிப்பரு லாரி, நெசத்துல இருவத்திநாலுல ஒரு பங்கு, நான் கடைசியா பெயிண்ட் அடிச்ச அதே வண்டி. நெறம் எல்லாம் நீ அடிச்சுட்ட, மேல மேட் வார்னிஷ் மட்டும்தான் பாக்கி, லீவு முடிஞ்சு போச்சு, நீங்களே அடிச்சிருங்கப்பான்னு பேனா மாதிரி இருக்குற அந்தக் குட்டி ஸ்பிரே கன்னையும் கம்ப்ரசரையும் பாட்டிலையும் வச்சுட்டுப் போன. போன்லயும் சொன்ன. நல்லா குலுக்கணும், ஒரு சாண் தூரத்துல புடிக்கணும், மெல்லிசா ரெண்டு கோட்டு, மொதக் கோட்டு நல்லா காஞ்சப்பறம் ரெண்டாவதுன்னு. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ரோசம். நாப்பது வருசமா அரியலூரு சிமெண்ட் லாரிக்கெல்லாம் மொகம் பாத்து மீசை முறுக்குற அளவுக்கு பளபளப்பு ஏத்துனவன் நான். எம்மவ என்னடான்னா பளபளப்ப எறக்குறதுக்குத் தனியா பாட்டில் வாங்கி வந்து, அத எப்புடி அடிக்கணும்னு எனக்கே வகுப்பு எடுக்குறா. சின்னதுல மின்னுனா பொம்மை, மங்குனாத்தான் லாரின்னு நீ சொன்னது எனக்கு அப்ப ஏறல. இப்ப ஏறிடுச்சு, ஆனா ஏறுன வழி சரியில்ல.

நான் என்ன பண்ணேன்னா, பட்டறைப் பழக்கம் வுடுமா, எந்த டப்பாவா இருந்தாலும் ராத்திரியே ஆடாம அசையாம வச்சு தெளிய வுட்டுருவோம். காலைல மேலாப்புல இருக்கறத மட்டும் பழைய நைலான் சேலையில வடிகட்டி எடுத்துக்கிட்டு அடியில நிக்கிற கசட தூக்கிப் போட்டுருவோம். கசடு உள்ள போனா கன்னு மூக்கு அடைச்சுக்கும்னு எங்க மேஸ்திரி தலையில கொட்டிக் கொட்டி சொல்லிக் குடுத்தது. அதே மாதிரி உன் பாட்டிலையும் தெளிய வச்சு, உங்கம்மா நைலான் சேலை முந்தானையில ஒரு துண்டு கிழிச்சு, அத அவகிட்ட சொல்லாத, வடிகட்டி அடிச்சேன். அடிச்சா லாரி கல்யாண மாப்பிள்ளை மோதிரம் மாதிரி மின்னுது! மேட்டாவது ஒண்ணாவது, மவள ஏமாத்தி எவனோ வெறும் பளபளப்பு கிளியர வித்துட்டான்னு அவனை நாலு திட்டு திட்டிட்டு சேலைத் துண்டப் பாத்தா, வெள்ள வெள்ளையா மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்பத்தான் வெளங்குச்சு, மங்க வைக்கிற சரக்கே அந்தக் கசடுலதான் இருக்கு. நாப்பது வருசம் கசட தூக்கிப் போட்டவனுக்கு கசடுதான் மருந்துன்னு யாரு சொல்லித் தந்தா? நீதான் சொன்ன, குலுக்குங்கப்பான்னு. நான் கேக்கல.

சரி வுட்டதப் புடிப்போம்னு சேலையில இருந்ததையும் பாட்டில் அடியில இருந்ததையும் ஐஸ் குச்சியால வழிச்சு, தின்னர்ல கரைச்சு, கொஞ்சம் கெட்டியாவே ஊத்தி அடிச்சேன். அன்னைக்கின்னு பாத்து எதுத்த காலி எடத்துல மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் ஓடுது, தூசியும் சொங்கும் பறந்து வருது, ஈர வார்னிஷ்ல ஒட்டிக்குமேன்னு ஜன்னல சாத்துனேன், கதவ சாத்துனேன், கதவுக்குக் கீழ ஈரச்சாக்கப் போட்டேன், காத்தாடியையும் நிறுத்துனேன். மத்தியானம் மூணு மணி இருக்கும், உங்கம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தா. அடிச்சு முடிச்சுப் பாத்தா செட்டிகுளத்து மலை முருகனுக்கு விபூதி அபிஷேகம் பண்ணாப்ல லாரி முழுக்க ஒரே வெள்ளை. ஐயோ மவ ஒரு மாசம் ஒக்காந்து செஞ்சது, போச்சேன்னு மேலயும் மேலயும் தின்னர அடிச்சு வெள்ளைய எடுக்கப் பாக்குறேன், அப்ப நெஞ்ச யாரோ முட்டி போட்டு அழுத்துனாப்ல ஆயிடுச்சு. மூச்சு உள்ள போகுது வெளிய வரல, இல்ல வெளிய போகுது உள்ள வரல, எதுன்னு கூட எனக்குத் தெரியல. கதவத் தொறக்கணும்னு தெரியுது, கை போக மாட்டேங்குது. உங்கம்மா வந்து கதவ முட்டித் தள்ளுனப்ப செவுத்துல சாஞ்சு, கரையில போட்ட கெண்டை மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு உக்காந்துருந்தேனாம். கையில மட்டும் கன்னு கெட்டியா இருந்துச்சாம், வுடவே இல்லையாம்.

ஆட்டோவுல டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம், உங்கம்மாவ வெளிய பெஞ்சுல ஒக்கார வச்சுட்டு நான் மட்டும் உள்ள போனேன். அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும், ஐயா என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டாங்க. லாரிக்கு மேக்கப் போடுறவன்ங்கன்னேன். சிரிக்கல. மூக்குக்கு என்ன கட்டுவீங்கன்னாங்க. துண்டுன்னேன், அதுவும் மேஸ்திரி பாக்குறப்ப மட்டும்னேன். அதுக்கும் சிரிக்கல. அதெல்லாம் பயமில்லம்மா, சாயங்காலம் வேலை முடிஞ்சா ஒரு துண்டு வெல்லமும் ஒரு வாழப்பழமும் சாப்புட்டுருவோம், நெஞ்சுல ஒட்டுனத அது வழிச்சுக்கிட்டு எறங்கிடும்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு என் மொகத்தப் பாத்து மெதுவா சொல்லுச்சு, ஐயா வெல்லம் போற வழி வேற, மூச்சு போற வழி வேறங்கய்யான்னு. எனக்கு அப்பத்தான் பாப்பா ஒறைச்சுச்சு. நாப்பது வருசமா வேற வூட்டுக் கதவயில்ல தட்டிக்கிட்டு இருந்துருக்கேன்.

அப்பறம் ஒரு கொழாய குடுத்து ஊதச் சொன்னாங்க, ஊதுங்க ஊதுங்க ஊதுங்க இன்னும் ஊதுங்கன்னு ஜல்லிக்கட்டுல மாட்ட வெரட்டுற மாதிரி வெரட்டுனாங்க. மூணு தடவை ஊதுனேன். பாதிதான் வருது, நெஞ்சுல பாதி மூடிக் கெடக்கு, ஸ்கேன் எடுத்து என்னன்னு பாக்கணும்னாங்க. அந்த என்னன்னு பாக்கணும்ங்கறதுதான் மஞ்சு என்னைத் தூங்க வுடல. நாளைக்கு வரேம்மான்னு சொல்லிட்டு மருந்த வாங்கிக்கிட்டு வந்தவன், இன்னையோட பதினெட்டு நாளாச்சு, அந்தத் தெருப் பக்கமே போகல. மருந்துக் கடைக்குக் கூட சுத்தித்தான் போறேன். உங்கம்மாகிட்ட வாயுத்தொல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன், அவளும் பூண்டு பூண்டா ஒரிச்சுக் குடுக்குறா, நானும் தின்னுக்கிட்டு கெடக்கேன்.

போன வாரம் ஒரு சாமான் வாங்க அரியலூருக்குப் போனவன் பட்டறையில என் கூட நின்ன செல்லமுத்துவ பாத்துட்டு வந்தேன். உனக்குத் தெரியும், உன் பேர லாரிக் கதவுல எழுதறப்ப எல்லாம் சுழி சரியில்லன்னு சண்டைக்கு வர்றவன். கட்டில்ல உக்காந்த மேனிக்கே இருக்கான், படுத்தா மூச்சு வர மாட்டேங்குதாம். மூக்குல கொழா, பக்கத்துல ஒரு மிஷினு கொறட்டை வுட்டுக்கிட்டு இருக்கு. என்னைப் பாத்ததும், வாடா மாயவா, பக்கத்துல உனக்கு ஒரு கட்டில் போட எடம் வச்சுருக்கேன், கரண்டு பில்லு மட்டும் பாதி நீ குடுன்னான். நானும், உன் மிஷினு சத்தத்துக்கு எவன்டா பக்கத்துல படுப்பான், பழைய லேலண்டு லாரி தோத்துச்சுன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சதுல அவனுக்கு இருமல் புடிச்சுக்கிச்சு, சின்னதா, காஞ்ச இருமல், சளியே இல்லாத இருமல், நிக்கவே இல்ல. அவன் சம்சாரம் ஓடி வந்து முதுகத் தடவுனுச்சு. இது எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டேன். மொதல்ல சும்மா பேசறப்ப நடுவுல ஒண்ணு ரெண்டு இருமுவாரு, பனிக் காத்துன்னு நெனச்சோம்ண்ணே அப்புடின்னு சொல்லுச்சு.

பஸ்ல வர்றப்ப எனக்கு உன் ஞாபகம்தான். அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை நீ உங்கம்மாவுக்கு வாய்ஸ் அனுப்புனல்ல, அம்மா சாப்டியா, இங்க மைனஸ் பன்னெண்டு, ஜன்னலத் தொறக்கவே முடியல, பாத்ரூம்ல ஒக்காந்துதான் பெயிண்ட் அடிக்கிறேன்னு. அதுல நடுவுல நடுவுல இருமுன. வூட்டுக்கு வந்ததும் அந்த வாய்ஸ உங்கம்மாவுக்குத் தெரியாம போன எடுத்துக்கிட்டு கொல்லப்பக்கம் தண்ணித் தொட்டிகிட்டப் போயி நின்னு காதுல வச்சு வச்சுக் கேட்டேன். எத்தனை தடவ கேட்டேன்னு தெரியாது. நாலு இருமல். சின்னதா, காஞ்சது. ஜன்னல் இல்லாத பாத்ரூமு, கதவு சாத்திருக்கும், நான் ஈரச்சாக்கு போட்டேன், நீ என்னத்தப் போட்டு வச்சுருக்கியோ. நீ சளின்னு சொல்லுவ, குளிருன்னு சொல்லுவ. இருக்கட்டும், சளியாவே இருக்கட்டும், நம்ம கொலசாமி புண்ணியத்துல வெறும் சளியா இருந்துச்சுன்னா இந்த லெட்டர பிரேம் போட்டு மாட்டி நான் சாகுற வரைக்கும் என்னைக் கேலி பண்ணு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

ஆனா ஒண்ணு எழுதாம இருக்க முடியல. லீவுக்கு வந்தப்ப மொத ரெண்டு நாளு நீ அந்த மாஸ்க்கு போட்டுக்கிட்டுத்தான் அடிச்ச, ரெண்டு பக்கமும் வட்டமா டப்பா வச்சது. நான் என்ன பண்ணேன், பன்னி மூஞ்சி பன்னி மூஞ்சின்னு கூப்புட்டேன். அது பத்தாதுன்னு தெருவுல போறவுங்களை எல்லாம் கூப்புட்டு, எம்மவ வெளிநாட்டுக்குப் போயி மூக்க மாத்திக்கிட்டு வந்துருக்கா பாருங்கன்னு காட்டுனேன். லாரிக்காரன் மவளுக்கு பெயிண்ட் வாசம் தாய்ப்பால் மாதிரி, இதுக்குப் போயி முகமூடியான்னு கேட்டேன். நீ சிரிச்ச. மூணாம் நாளு அத ஆணியில மாட்டுன. ஊருக்குப் போறப்ப எடுத்துக்கிட்டும் போகல. அங்க போயி வீடியோவுல, வெல்லம் இருக்குப்பா, அடிச்சு முடிச்சா ஒரு துண்டு தின்னுட்டுத்தான் தூங்குறேன்னு சொன்ன, நானும் எம்மவடான்னு தொடையத் தட்டுனேன். அந்தத் தொடைய இப்ப நானே வெட்டிக்கலாம் போல இருக்கு. அதனால இந்தத் தடவை பெட்டியில வெல்லமும் இல்ல. தேடாத. இந்த லெட்டர முடிச்சுட்டு ஆணியில கெடக்குற உன் மூஞ்சிய எடுத்து பெட்டியில வைக்கப் போறேன், அதுதான் இந்தப் பெட்டியிலயே முக்கியமான பண்டம்.

இப்ப லாரிக்கு வருவோம், அது செத்துப் போச்சுன்னு அழுவாத. ரெண்டு நாளு அது மொகத்துலயே முழிக்காம இருந்துட்டு, அப்பறம் ஒரு நாளு வெரல்ல எச்சியத் தொட்டு வெள்ளையா இருந்த எடத்துல வச்சேன். ஈரம் இருக்குற வரைக்கும் நீ அடிச்ச நெறம் அப்புடியே தெரியுது, காஞ்சதும் திரும்ப வெள்ளை. ஆஹா, அப்ப நெறம் கீழ பத்திரமா இருக்கு, மேல இருக்கற மாவுதான் சரியா ஒட்டாம நிக்கிதுன்னு புரிஞ்சுக்கிட்டேன், பட்டறைக்காரன் மூளை அவ்வளவு சீக்கிரம் துருப்புடிக்காது. அரியலூருக்குப் போனது எதுக்குன்னு நெனச்ச? சிமெண்ட் கம்பெனிக்காரங்க பூட்ஸு, தொப்பி எல்லாம் வாங்குற கடையில எனக்கும் ஒரு மாஸ்க்கு வாங்கத்தான், உன்னுது மாதிரியே ரெண்டு டப்பா வச்சது. கடைக்காரன் அளவு பாக்க மாட்டிவுட்டான், கழட்டாம அப்புடியே பஸ் ஏறிட்டேன், ஆலத்தியூரு சிமெண்ட் வேலைக்குப் போயிட்டு வர்றவுங்க பூரா பாத்து பயந்து எந்திரிச்சு எடம் குடுத்துட்டாங்க. ரெண்டு பேரு ஒக்காருற சீட்டுல நான் ஒருத்தனா காலாட்டிக்கிட்டு வந்தேன்.

மறுநாளு காலைல பத்து மணி, நல்ல வெயிலு, காத்து இல்ல, மக்காச்சோள மிஷினும் இல்ல. மொட்டை மாடியில வச்சு, மாஸ்க்கு போட்டுக்கிட்டு, மொதல்ல கிளியர் ஒரு கோட்டு மெல்லிசா அடிச்சேன். வெள்ளை பூரா கண்ணு முன்னாடியே கரைஞ்சு போயி நெறம் எந்திரிச்சு வந்துச்சு பாரு, எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு, மாஸ்க்கு போட்டுருந்ததால யாருக்கும் தெரியல, அதுல அப்புடி ஒரு சௌகரியம் இருக்கு. மறுநாளு வரைக்கும் காயவச்சேன். அப்பறம் நான் சொல்லி ஜெயசீலன் வாங்கியாந்து குடுத்த புது மேட் பாட்டில எடுத்து, மஞ்சு சொன்னா மஞ்சு சொன்னான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே எண்ணி எரநூறு தடவை குலுக்குனேன். ஒரு சாண் தூரம். கையி ஒரு எடத்துல நிக்கக் கூடாது, வண்டிக்கு வெளியில ஆரம்பிச்சு வண்டிக்கு வெளியில முடிக்கணும். மொதக் கோட்டு போட்டது தெரியவே இல்ல. ரெண்டாவது கோட்டு காய காய, பளபளப்பு மெதுவா உள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சு. மண்ணு ரோட்டுல சுண்ணாம்புக்கல் ஏத்திக்கிட்டு நாலு நடை அடிச்சுட்டு வந்து நிக்கிற வண்டி, அதேதான். தூக்கி கண்ணுகிட்ட வச்சா டீசல் வாசம் வர்றாப்ல இருக்கு. நீ சொன்னது சரிதான் தாயே, மங்குனாத்தான் லாரி.

ஆனா டிரைவர் கதவுக்கு மட்டும் மேட் அடிக்கல. டேப்பு ஒட்டி மறைச்சு வச்சுட்டேன். லாரியே மங்கி நிக்கிது, அந்த ஒரு கதவு மட்டும் ஈ உக்காந்தா வழுக்குற மாதிரி மின்னுது, பாக்க கண்றாவியா இருக்கு, எந்தக் கண்காட்சிக்கும் ஆகாது. வேணும்னேதான். அந்தக் கதவ தொறந்தா உள் ஓரத்துல, நான் எல்லா லாரியிலயும் ஓனருக்குத் தெரியாம எழுதுன மாதிரியே, ஒத்த மயிரு பிரஷ்ல மஞ்சுன்னு நீ எழுதி வச்சுருக்கல்ல, அதுக்காகத்தான் அந்தக் கதவாப் பாத்துப் புடிச்சேன். வர்ற இருவத்திரெண்டாந்தேதி திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நீ அங்க ஆஸ்பத்திரிக்குப் போயி கொழாயில ஊதணும். என்ன வேலை பண்றன்னு கேட்டா ஆபீஸ் வேலைன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாத, சாயங்காலம் சாத்துன பாத்ரூம்ல பெயிண்ட் அடிக்கிறேன்னு சொல்லு. சீட்ட போட்டோ புடிச்சு அனுப்பு. கூடவே பன்னி மூஞ்சி மாட்டிக்கிட்டு ஒரு போட்டோ. அன்னைக்கே கதவுக்கு மேட் அடிச்சு, அடுத்து யாரு வர்றாங்களோ அவுங்ககிட்ட வண்டிய ஏத்தி வுடுறேன். சொல்லிட்டேன், போட்டோ வரலன்னா கதவு மின்னிக்கிட்டே கெடக்கும்.

நீ ஊதுறன்னா நானும் அதே திங்கக்கிழமை ஸ்கேனுக்குப் போறேன். எனக்குத் தனியா போக பயமா இருக்கு மஞ்சு. எழுத்துல எழுதறதால வெக்கமில்லாம எழுதிட்டேன். நீ அங்க ஒரு கொழாயில ஊதிக்கிட்டு இருக்கன்னு நெனச்சுக்கிட்டா நான் இங்க அந்த மிஷினுக்குள்ள தலைய குடுத்துருவேன்.

அப்பறம் இதெல்லாம் மறக்காத. பாத்ரூம்ல அடிக்கிறத இன்னையோட வுட்டுரு. காத்த வெளிய தள்ளுற காத்தாடி ஒண்ணு வாங்கி ரூமு ஜன்னல்ல மாட்டி அங்க அடி, குளிருக்கு ரெண்டு ஸ்வெட்டர் சேத்துப் போடு, குளிரு யாரையும் உள்ள இருந்து அரிக்காது. தின்னர் வாசம் வராத தண்ணி வார்னிஷ் இருக்காமே, கொஞ்சம் மினுக்குனாலும் பரவால்ல, அத அடி, அதுக்கும் மூஞ்சிய மாட்டிக்க. மாஸ்க்குல அந்த டப்பாவ புதுசா மாத்திக்க, பழசு வேலைக்காவாதாம், கடைக்காரன் சொன்னான். உங்கம்மாகிட்ட இதுல ஒரு வரி சொல்லிடாத. நல்லா இரு, நெறஞ்ச மூச்சோட நூறு வருசம் இரு, நான் திட்டுறதுக்கும் கேலி பண்ணுறதுக்கும் ஒரு ஆளு வேணும்.

இப்படிக்கு
பாதி மூச்சும் முழு குசும்புமா
உன் அப்பா, மாயவன்

மஞ்சு, பேனாவ மூடிட்டு மாஸ்க்க எடுக்கப் போனா ஆணியில அது இல்ல. தேடு தேடுன்னு தேடிட்டு பெட்டியத் தொறந்தா, எல்லாத்துக்கும் மேல, துவைச்சு மடிச்ச நைலான் சேலைத் துண்டுல சுத்தி வச்சுருக்கு. முந்தானையில கிழிச்சேன்னு சொன்னேன்ல, அந்த சேலைதான், மிச்சத்தையும் கிழிச்சுருக்கா. திரும்பிப் பாத்தா உங்கம்மா அடுப்படி வாசல்ல நிக்கிறா. ஆஸ்பத்திரி சீட்ட சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு துவைக்கப் போட்டா யாருக்குத் தெரியாம இருக்கும், பதினெட்டு நாளா நீயா சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருக்கேன் மனுசான்னு கேட்டா. இருவத்திரெண்டாந்தேதி நானும் வரேன், கட்டிக்கிட்டு வர்ற சேலைய கூட எடுத்து வச்சாச்சுன்னும் சொல்லிட்டா. அப்பறம் என் கையில இருந்த லெட்டர புடுங்கி, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி பூராவும் படிச்சா. திட்டுவான்னு பாத்தேன், திட்டல. ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பா எழுதிருக்கேன்னா. உன் வாய்ஸ்ல நாலு இருமல் இல்லையாம், அஞ்சாம். அம்மான்னு நீ கூப்புடறதுக்கு முன்னாடியே ஒண்ணு இருக்காம், நான் கவனிக்கலையாம்.